களிறு கண்டு அழுகை மறந்தவர்கள்

போரை எதிர்க்கும் ஒருவர் காசு கொடுத்துச் சீட்டு வாங்கிக்கொண்டு, இருட்டில் உட்கார்ந்து, இரண்டரை மணி நேரம் போரைப் பார்க்கலாமா என்ற கேள்வி புதியதன்று. ஆனால் எனக்கு அது உண்மையான கேள்வியாக ஆனது, இவ்வாண்டுப் பொங்கல் விடுமுறையில் வேலூர்த் திரையரங்கு ஒன்றில் நான் கைதட்டிய அந்தக் கணத்தில்தான். ஒரு பக்கம் என் தங்கை மகன். பதினெட்டு வயது, ராணுவ ஆள்சேர்ப்புக்காக நாள்தோறும் விடியலில் ஓடிப் பழகுகிறவன். மறுபக்கம் அவனுடைய தாத்தா, அதாவது தங்கையின் மாமனார், நான் மாமா என்று அழைப்பவர். இருபத்து நான்கு ஆண்டுகள் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். திரையில் எல்லைப் போர் நடந்துகொண்டிருந்தது. மலைச்சரிவில் குப்புறப் படுத்திருந்த வீரர்கள், நெடுநேர அமைதிக்குப் பின் ஒரே குரலெடுத்து எழுந்து மேல்நோக்கி ஓடியபோது அரங்கமே தட்டியது, நானும் தட்டினேன். 1998 மே மாதத்தில் பொக்ரானில் அணுகுண்டுச் சோதனை நடந்தபோது, கல்லூரி மாணவனாகப் பழைய பேருந்து நிலையத்தில் நின்று அதற்கு எதிராகத் துண்டறிக்கை கொடுத்தவன் நான். அந்தக் கருத்து இன்றுவரை மாறவில்லை. கருத்து மாறாமல் இருக்கும்போதே கை எப்படித் தட்டியது என்பதை விளங்கிக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

இதற்கு எளிய விடைகள் இரண்டு உண்டு. சினிமாதானே, வெளியே வந்ததும் மறந்துவிடும் என்பது ஒன்று. கொள்கை உள்ளவர் அந்தப் பக்கமே தலைகாட்டக் கூடாது என்பது மற்றொன்று. முதல் விடை, படம் நம் உடம்பில் செய்யும் வேலையைக் கணக்கில் கொள்வதில்லை. இரண்டாவது விடை, எங்கள் பக்கத்து மனிதர்களுக்குப் பொருந்துவதில்லை. வேலூருக்கு அருகிலுள்ள கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள். தலைமுறை தலைமுறையாகப் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பிய ஊர் அது. லாங்கு பஜார் மணிக்கூண்டில் பதித்திருக்கும் கல்லில், முதல் உலகப் போருக்கு வேலூரிலிருந்து 277 பேர் போனதாகவும் அவர்களில் 14 பேர் உயிரைக் கொடுத்ததாகவும் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் இருக்கிறது. பழைய வடாற்காடு மாவட்டத்தில் எத்தனையோ வீடுகளில், பெயரும் எண்ணும் வெள்ளைச் சாயத்தில் எழுதிய கறுப்பு டிரங்குப் பெட்டி ஒன்று பரணில் கிடக்கும். இப்படிப்பட்ட இடத்தில் போர்ப்படத்தை அடியோடு புறக்கணிப்பது, பக்கத்து வீட்டுக்காரர் தம் வாழ்க்கையைத் திரையில் தேடிக்கொண்டிருக்கும்போது நாம் எழுந்து போய்விடுவதற்கு ஒப்பாகும். அப்படி எழுந்து போகிறவர் போரைப் பற்றிப் பிறகு என்ன சொன்னாலும் அவர்கள் காதில் ஏறாது.

கை தட்டிய இடத்துக்குத் திரும்புகிறேன். புறநானூற்றின் 46ஆம் பாட்டில் ஒரு காட்சி வருகிறது. சோழன் கிள்ளிவளவன், தன் பகைவனான மலையமானின் சிறு பிள்ளைகளைப் பிடித்து வந்து யானையின் காலில் இட்டுக் கொல்ல முற்படுகிறான். மலையமானின் நாடு நமக்குத் தொலைவில் இல்லை. திருவண்ணாமலைக்குத் தெற்கே, திருக்கோவலூரைச் சூழ்ந்த பெண்ணையாற்றுக் கரை. புலவர் கோவூர் கிழார் குறுக்கே நின்று பாடித் தடுக்கிறார். அந்தப் பாட்டில் பிள்ளைகளின் நிலையை அவர் 'களிறு கண்டு அழூஉம் அழாஅல் மறந்த புன்றலைச் சிறாஅர்' என்று சொல்கிறார். அழுதுகொண்டிருந்த பிள்ளைகள் யானையைக் கண்டதும் அழுகையை மறந்துவிட்டார்கள். அவர்களைக் கொல்லக் கொண்டுவந்த யானையேதான் அவர்களுக்கு வேடிக்கையாகிவிட்டது. போர்ப்படத்தின் முன் நமக்கு நேர்வதை இதைவிடச் சரியாகச் சொன்ன வரி எனக்குத் தெரிந்து வேறில்லை. அச்சமும் வியப்பும் ஒரே வாசல் வழியாக வருகின்றன. உருவம் போதிய அளவு பெரிதாக இருந்தால் வியப்பு முந்திக்கொள்கிறது. வீட்டுத் தொலைக்காட்சியிலும் கைபேசியிலும் அதே காட்சியைப் பார்த்திருந்தால் என் கை தட்டியிருக்காது என்று நினைக்கிறேன். திரையரங்கில்தான் யானை யானையின் அளவில் நிற்கிறது.

ஒலியைப் பற்றியும் சொல்ல வேண்டும். போர்ப்படத்தின் ஒலி காதோடு நிற்பதில்லை. பீரங்கி வெடிப்பில் உள்ள மிகத் தாழ்ந்த அதிர்வுகளை அரங்கின் பெரிய ஒலிபெருக்கிகள் நெஞ்சுக்கூட்டிலும் நாற்காலியிலும் உணரச் செய்கின்றன. வெடிச்சத்தத்துக்குச் சற்று முன் எல்லா ஓசையையும் அடக்கி, ஒரு பூட்ஸ் கல்லில் உரசும் சத்தத்தை மட்டும் விட்டுவைப்பது ஒலியமைப்பாளர்கள் நன்கு அறிந்த உத்தி. அந்த அமைதியில் அரங்கில் இருக்கும் அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள். பிடித்த மூச்சை விட்டுத்தான் ஆக வேண்டும். தாக்குதல் தொடங்கும்போது வெளியேறும் அந்த மூச்சே கைதட்டலாகவும் விசிலாகவும் மாறுகிறது. அந்த நேரத்தில் நம்மிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை. அதனால், கைதட்டியவர்கள் எல்லாரும் போரை விரும்புகிறவர்கள் என்று முடிவு கட்டுவது தவறு. ஆனால் கைதட்டல் பழகப் பழக எதையும் விட்டுச் செல்லாது என்று நினைப்பதும் அதே அளவு தவறு.

உடம்பை ஈர்ப்பதற்கு அடுத்தபடியாகப் படம் செய்வது, நம்மை ஒரு பக்கத்தில் நிறுத்துவது. இதற்கு வேலூர்க் கோட்டையை விட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை. 1806 ஜூலை 10ஆம் நாள் விடிவதற்கு முன், கோட்டைக்குள் இருந்த இந்தியச் சிப்பாய்கள் ஆங்கிலேயருக்கு எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். நெற்றிக் குறியை அழிக்கவும், காதணியைக் கழற்றவும், தோல் பட்டையுள்ள புதிய தலைப்பாகையை அணியவும் மேலிடம் இட்ட ஆணைகளே உடனடிக் காரணம். கோட்டையில் சிறைவைக்கப்பட்டிருந்த திப்பு சுல்தானின் மக்களும் அவர்களுடைய ஆட்களும் பின்னணியில் இருந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட ஆங்கிலேயர் கொல்லப்பட்டார்கள். மைசூர்க் கொடி ஏறியது. செய்தி ஆற்காட்டுக்கு எட்டியதும் ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப் படையோடு விரைந்து வந்து, கயிற்றைப் பிடித்து மதிலேறி, பின்னால் வந்த பீரங்கிகளால் வாயிற்கதவை உடைத்து, பகலுக்குள் கோட்டையை மீட்டார். அன்று இறந்த சிப்பாய்களின் எண்ணிக்கை முந்நூற்றைத் தாண்டும் என்பதே பொதுவான கணிப்பு.

இந்த ஒரு நாளை வைத்து இரண்டு படம் எடுக்கலாம். கேமராவை நள்ளிரவில் சிப்பாய்களின் குடியிருப்பில் வைத்து, அவமதிக்கப்பட்ட ஒரு முகத்தைக் காட்டித் தொடங்கி, கொடி ஏறும் விடியலை நோக்கி நடத்திச் சென்றால், அரங்கம் சிப்பாய்களுக்காகத் தட்டும். அதே கேமராவை ஆற்காட்டுச் சாலையில் புழுதி கிளப்பி ஓடும் குதிரைகளோடு ஓடவிட்டு, கோட்டை மதிலில் தோட்டா தீர்ந்து நிற்கும் சிலரிடம் அவர்கள் போய்ச் சேர்வார்களா என்று பதைக்க வைத்தால், வேலூரில் பிறந்தவனும் கில்லெஸ்பிக்காக மூச்சைப் பிடிப்பான். இது எனக்கு அச்சம் தருகிறது. நியாயம் எந்தப் பக்கம் என்பதை ஆராய்ந்து நாம் பரபரப்படைவதில்லை. பரபரப்பை முதலில் கொடுத்துவிட்டு நியாயத்தைப் பின்னால் ஒட்டிவிடுகிறார்கள். இந்த இரண்டு படங்களிலுமே எளிதில் விடுபடக்கூடிய காட்சிகளும் உண்டு. மருத்துவமனையில் நோயாளிகளாகப் படுத்திருந்த ஆங்கிலச் சிப்பாய்களும் அன்று கொல்லப்பட்டார்கள். அரண்மனைக்குள் தஞ்சம் புகுந்த இந்தியச் சிப்பாய்கள் ஏறத்தாழ நூறு பேர் வெளியே இழுத்து வரப்பட்டு, சுவரோரம் நிறுத்திச் சுடப்பட்டார்கள். முதல் படத்துக்கு முதல் காட்சி இடைஞ்சல். இரண்டாம் படத்துக்கு இரண்டாம் காட்சி இடைஞ்சல். கோட்டைக்குள் போகும்போதெல்லாம் இந்த இரண்டையும் சேர்த்தே நினைக்க நான் என்னைப் பழக்கிக்கொண்டிருக்கிறேன். மக்கான் அருகே அந்தச் சிப்பாய்களுக்காக நிற்கும் நினைவுத் தூணை நான் மதிப்பதற்கு அது தடையாக இருந்ததில்லை.

எதிரிக்கு முகம் கொடுக்காமல் விடுவதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். எதிரிக்குப் பேச்சுக் கொடுக்காமல் விடுவது அதைவிட ஆழமானது என்பதை அன்று இடைவேளையில்தான் அறிந்துகொண்டேன். நாங்கள் பார்த்த படத்தில் எதிரி வீரர்கள் பேசிய மொழிக்குத் தமிழாக்கம் எதுவும் திரையில் வரவில்லை; கட்டளைகளும் கூச்சலுமாக அது ஒரு வெறும் ஓசையாக இருந்தது. மாமா 1987க்கும் 1990க்கும் இடையில் அமைதி காக்கும் படையில் இலங்கைக்கு அனுப்பப்பட்டவர். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்த களம் அது. அதைப் பற்றி வீட்டில் அவர் பேசி நான் கேட்டதில்லை. டீயை ஆற்றிக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "இதுல அவன் பேசுறது இன்னான்னு யாருக்கும் புரியல பாரு தம்பி. அங்க எனக்கு எல்லாம் புரிஞ்சுது. காட்டுக்குள்ள அவங்க ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக்கினது கூட புரிஞ்சுது" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தமிழ் பேசும் வீரன் ஒருவன், தமிழில் அம்மாவைக் கூப்பிடும் எதிரியின் குரலைக் கேட்டபடி துப்பாக்கியோடு நின்ற வரலாறு நமக்கு உண்டு. மொழிபெயர்ப்பு இல்லாத எதிரி என்பவன் எவ்வளவு வசதியான ஏற்பாடு என்பதை நாம் மற்றவர்களைவிட நன்றாக அறிந்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். படத்தில் குண்டடி பட்டு ஒருவன் விழுகிறான், நண்பன் அவன் தலையை மடியில் ஏந்துகிறான், இசை எழுகிறது, அடுத்த காட்சியில் தேசியக் கொடி போர்த்திய பெட்டி ஊருக்கு வந்துவிடுகிறது. "அந்த மலைல இருந்து ஒருத்தனைக் கீழ இறக்க நாலு பேரு வேணும், அந்த நாலு பேருக்குக் காவலா இன்னும் ஆள் வேணும், ராத்திரி பூரா ஆகும். அதை எங்க காமிச்சான்?" என்று கேட்டார். நான் திரைப்படத்தில் கால அளவைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். இந்தக் கேள்விக்கு ஈடாக ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. விழுவதற்கும் பெட்டி வருவதற்கும் நடுவில் இருக்கும் அந்த இரவில்தான் போர் இருக்கிறது. அதை வெட்டி எடுத்துவிட்டால் சாவு ஒரு கணமாகிவிடுகிறது. கணமாகிவிட்ட சாவை யாரும் தாங்கிக்கொள்ளலாம், அழகாகக் கூட ஆக்கலாம்.

பிரெஞ்சு இயக்குநர் பிரான்சுவா திரூஃபோ, போரைப் பற்றிய எந்தப் படமும் கடைசியில் போருக்கு ஆதரவான படமாகவே முடிகிறது என்ற கருத்தை 1973இல் ஒரு நேர்காணலில் சொன்னார். திரையில் காட்டப்படும் எதுவும் ஓரளவு கவர்ச்சி பெற்றுவிடும் என்பது அதன் உட்பொருள். மேலே நான் சொன்னவை எல்லாம் அவருக்குச் சான்று சொல்வதாகவே தோன்றும். ஆனால் எனக்கு அது முழு உண்மை என்று படவில்லை. மறுத்துச் சொல்லவும் வரலாற்றில் இடம் இருக்கிறது. 1930இல் அமெரிக்காவில் வெளியான 'ஆல் கொயட் ஆன் த வெஸ்டர்ன் ஃப்ரன்ட்' ஜெர்மானிய வீரர்களின் பக்கம் நின்று முதல் உலகப் போரைக் காட்டியது. அதில் குண்டு விழுந்த பள்ளம் ஒன்றில் கதைநாயகன் ஒரு பிரெஞ்சு வீரனைக் குத்திவிட்டு, அவன் சாகும்வரை அதே பள்ளத்தில் அவனோடு இரவைக் கழிக்க நேர்கிறது. அவனிடம் மன்னிப்புக் கேட்கிறான், அவன் சட்டைப்பையில் அவனுடைய குடும்பப் படத்தைக் காண்கிறான். மாமா கேட்ட அந்த இரவு அந்தப் படத்தில் இருக்கிறது. அந்த ஆண்டு டிசம்பரில் அது பெர்லினுக்கு வந்தபோது கோயபல்ஸின் ஏற்பாட்டில் நாஜிகள் அரங்குக்குள் நாற்றக் குண்டுகளை வீசி, வெள்ளெலிகளை அவிழ்த்துவிட்டுக் காட்சியைக் குலைத்தார்கள். சில நாட்களில் ஜெர்மனியில் படம் தடை செய்யப்பட்டது. எல்லாப் போர்ப்படமும் போருக்கே துணை என்றால் போரை விரும்பியவர்கள் இதற்கு ஏன் அஞ்ச வேண்டும்? கதைநாயகனாக நடித்த லூ ஏர்ஸ், இரண்டாம் உலகப் போர் வந்தபோது ஆயுதம் ஏந்த மறுத்தார். மறுத்துவிட்டு வீட்டில் இருந்துவிடவும் இல்லை, மருத்துவ உதவியாளராகப் பசிபிக் போர்க்களங்களுக்குப் போய்க் காயம்பட்டவர்களைப் பேணினார். ஒரு படம் அதில் நடித்தவரையாவது மாற்ற முடியும் என்பதற்கு இது போதும்.

எனவே எந்தப் படம், யார் கையிலிருந்து வருகிறது என்ற கேள்வி முக்கியமானது. முதல் உலகப் போரில், 1916இல் பிரான்சில் ஸோம் போர் நடந்துகொண்டிருக்கும்போதே அதைப் பற்றிய ஆவணப்படத்தை பிரிட்டிஷ் அரசு திரையரங்குகளுக்கு அனுப்பியது. ஜூலை 1ஆம் நாள் தொடங்கிய போர் நவம்பரில்தான் முடிந்தது. படமோ ஆகஸ்டிலேயே ஓடத் தொடங்கி, முதல் ஆறு வாரங்களில் ஏறத்தாழ 2 கோடிப் பேர் பார்த்ததாகக் கணக்கிடப்படுகிறது. தொடக்க நாளில் மட்டும் பிரிட்டிஷ் தரப்பில் 19,240 பேர் மாண்டிருந்தார்கள். பதுங்குகுழியிலிருந்து வீரர்கள் ஏறிப் பாய்வதும் ஒருவன் சரிந்து விழுவதுமாகப் பார்வையாளர்களை உலுக்கிய காட்சி, போர்க்களத்துக்கு வெளியே நடித்து எடுக்கப்பட்டது என்று பின்னர் ஆய்வாளர்கள் காட்டினார்கள். எங்கள் மணிக்கூண்டுக் கல்லில் உள்ள 277 பேரும் அந்த உலகப் போரின் ஏதோ ஒரு முனையில் இருந்தவர்கள்.

நம் சினிமாவும் இதற்கு விலக்கன்று. இரண்டாம் உலகப் போரின்போது கச்சா பிலிம் தட்டுப்பாட்டால் 1942இல் படங்களின் நீளம் 11,000 அடிக்குள் அடக்கப்பட்டது. பிலிம் அரசின் கையில் இருந்த அந்த ஆண்டுகளில் போர் முயற்சிக்கு ஆதரவான படங்களை எடுக்கும்படி தயாரிப்பாளர்கள் நெருக்கப்பட்டார்கள். அப்படி வந்தவைதான் 1945இன் 'மானசம்ரக்ஷணம்', 'பர்மா ராணி' போன்றவை. முதலாவதை எடுத்தவர் கே. சுப்ரமணியம், சில ஆண்டுகளுக்கு முன் அவர் எடுத்த 'தியாக பூமி'யை அதே அரசு தடை செய்திருந்தது. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிலிம் இல்லாமல் படம் இல்லை. இன்றைக்குப் பீரங்கி வண்டியும் போர் விமானமும் இல்லாமல் போர்ப்படம் இல்லை. அவற்றை வாடகைக்கு விடும் கடை எந்த ஊரிலும் கிடையாது. ராணுவத்திடம்தான் கேட்க வேண்டும். கேட்கும்போது கதையைக் காட்ட வேண்டும். அமெரிக்காவில் பாதுகாப்புத் துறை திரைக்கதையைப் படித்துத் திருத்தம் சொல்லி உதவுவது பல பத்தாண்டுகளாக நடைபெறும் ஏற்பாடு. இந்தியாவில் 2020 ஜூலையில், ராணுவத்தைக் கருவாகக் கொண்ட படங்களும் இணையத் தொடர்களும் வெளியாகுமுன் தடையில்லாச் சான்று பெறும்படி தயாரிப்பாளர்களுக்கு அறிவுறுத்துமாறு பாதுகாப்பு அமைச்சகம் தணிக்கை வாரியத்துக்கு எழுதியது. இதற்கு எந்தச் சதியும் தேவையில்லை. உதவி செய்கிறவரின் மனம் கோணாமல் எழுதும் பழக்கம் மெல்ல மெல்லக் கைவந்துவிடும். மலையிலிருந்து உடலை இறக்கும் இரவு அப்போதுதான் திரைக்கதையிலிருந்து முதலில் காணாமல் போகும்.

போரைப் பார்த்துக் களிப்பது சினிமாவோடு வந்த நோய் என்று சொல்வாரும் உண்டு. வடாற்காட்டில் பிறந்தவர் அப்படிச் சொல்ல முடியாது. செய்யாறு, ஆரணி, புரிசை வட்டாரமெங்கும் திரௌபதி அம்மன் கோயில்களில் இன்றும் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்துமாகப் பாரதப் போரை விடிய விடியப் பார்க்கிறார்கள். சிறுவனாக என் பாட்டியின் மடியில் சாய்ந்து நானும் பார்த்திருக்கிறேன். மத்தளமும் தாளமும் முகவீணையும் சேர்ந்து ஏறும்போது, கட்டை கட்டிய வேஷக்காரர் சுழன்று வரும் வேகத்தில் அன்றைக்கும் உடம்பு சிலிர்த்தது. சிலிர்ப்பு ஒன்றேதான். ஆனால் நேரத்தை அந்தக் கலை செலவழிக்கும் விதம் வேறு.

கர்ண மோட்சத்தில் அம்பு பாயும் கணம் சிறியது. போருக்குப் புறப்படுமுன் கர்ணனும் அவன் மனைவி பொன்னுருவியும் வழக்காடிக்கொள்ளும் பகுதிதான் இரவின் பெரும்பகுதியை விழுங்கும். அபிமன்யு மாண்டால் அவனுக்காக அழுவதற்கு ஆட்கள் மேடைக்கு வருகிறார்கள். அழுது முடிக்கும்வரை கதை நகராது. அரவான் களபலியில் போர் தொடங்குவதற்கு முன்பே ஒரு பிள்ளை பலியாகிவிடுகிறான். கடைசியில் படுகளம். கோயில் திடலில் களிமண்ணால் பனைமர நீளத்துக்குத் துரியோதனன் உருவத்தைப் படுக்க வைத்திருப்பார்கள். பீமன் வேஷக்காரர் தொடையைப் பிளக்க, திரௌபதி கூந்தலை முடிகிறாள். சினிமாவாக இருந்தால் கதை அங்கே முடியும். இங்கே முடிவதில்லை. துடைப்பமும் முறமுமாகப் பெண் ஒருத்தி வந்து, வீழ்ந்து கிடக்கும் அந்தத் துரியோதனனுக்காக ஒப்பாரி வைக்கிறாள். பதினெட்டு நாள் யாரை எதிரி என்று பார்த்தோமோ அவனுக்காக, அவன் வீட்டுப் பெண்ணின் குரலில், நம் தமிழிலேயே அழுகை எழுகிறது. அதைக் கேட்டு என் பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பாண்டவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதில் அவளுக்குக் கடுகளவும் ஐயமில்லை. ஆனாலும் அழுதாள். பகைவனுக்கும் ஒப்பாரி உண்டு என்ற ஏற்பாட்டை நம் ஊர்க்கலை எழுதப்படாத சட்டமாக வைத்திருக்கிறது. போர்ப்படத்தில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான்.

செங்கம் பகுதியின் நடுகற்களையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. மாடு கவர்ந்தவர்களோடு நடந்த சிறு சண்டைகளில் மாண்டவர்களுக்காக நட்ட கற்கள் அவை. எடத்தனூரில் உள்ள ஒன்று, பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் முப்பத்து நான்காம் ஆட்சியாண்டில், தன் எருமைகளின் பொருட்டு இறந்த கருந்தேவகத்தி என்பவனுக்காக நட்டது. அவனோடு நின்று இரண்டு கள்ளர்களைக் கடித்த நாயையும் அதே கல்லில் செதுக்கி, கோவிவன் என்ற அதன் பெயரையும் எழுதியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய மண்ணில், இருபதாம் நூற்றாண்டில் 14 மனிதர்கள் ஒரு வாக்கியத்தில் வெறும் எண்ணாக நிற்கிறார்கள். நாங்கள் பார்த்த படத்திலும் கதைநாயகனுக்குப் பின்னால் ஓடி விழுந்தவர்களுக்குப் பெயர் இருந்ததாக எனக்கு நினைவில்லை. எதிரிகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

திருக்குறளில் வீரத்தைப் பாடும் அதிகாரத்துக்குப் படைச்செருக்கு என்று பெயர். கையிலிருந்த வேலை யானை மேல் எறிந்துவிட்டு, தன் மார்பில் தைத்த வேலைப் பறித்தபடி மகிழும் வீரன் அதில் வருகிறான். எந்த இயக்குநரும் விட்டுவைக்க மாட்டாத காட்சி. அதற்கு நேர் முன்னால் இருக்கும் குறள் இது: 'பேராண்மை என்ப தறுகண்ஒன் றுற்றக்கால் ஊராண்மை மற்றதன் எஃகு.' பகைவருக்கு ஒரு துன்பம் வந்தவிடத்து அவருக்கு உதவும் பரிவுதான் வீரத்தின் கூர்மை என்கிறார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருக்கிறார் வள்ளுவர். முதலில் வருவது பரிவு. வேலேறு பட்ட வீரனை நான் ரசிக்கலாம் என்று அவர் எனக்கு இடம் கொடுப்பதாகவே எடுத்துக்கொள்கிறேன். முந்தைய குறளைத் தாண்டித்தான் அங்கே போக வேண்டும் என்ற நிபந்தனையோடு.

ஆகவே போர்ப்படத்துக்குப் போவதை நான் நிறுத்தப் போவதில்லை. போகும்போது சிலவற்றைத் தேடிக்கொண்டு போகிறேன். விழுந்தவனுக்குப் பின் படம் எத்தனை நிமிடம் அவனோடு இருக்கிறது, எதிரியின் பேச்சு எனக்குப் புரிகிறதா, களம் முடிந்தபின் அழுவதற்கு யாரையாவது மேடைக்கு அழைத்தார்களா என்று பார்க்கிறேன். கை தட்டிவிட்டால், எந்த இடத்தில் தட்டியது என்று குறித்துக்கொள்கிறேன். இது படத்தை ரசிக்கத் தடையாக இருக்கும் என்று தங்கை மகன் சொல்கிறான். இருக்கலாம். அழுகையை மறந்த பிள்ளைகளை அந்தப் பாட்டு அத்தோடு விட்டுவிடவில்லை. யானையைப் பார்த்த வியப்புத் தீர்ந்ததும் அவர்கள் மன்றத்தை மருண்டு நோக்கினார்கள் என்றும், அதுவரை அறியாத புதுத் துயரம் ஒன்று அவர்களைப் பற்றியது என்றும் அடுத்த வரிகள் சொல்கின்றன. சுற்றி இருப்பவர்களைத் திரும்பிப் பார்க்கும் அந்தப் பார்வையைத் திரையரங்கில் வைத்துக்கொள்ளத்தான் நான் முயல்கிறேன்.

படம் விட்டு வெளியே வந்தபோது கிரீன் சர்க்கிள் வரை மூவரும் நடந்தோம். "மாமா, உனக்குப் புடிக்கல இல்ல?" என்று அவன் கேட்டான். பிடித்த இடத்தையும் பிடிக்காத இடத்தையும் சொன்னேன். அக்னிபத் என்னும் ராணுவ ஆள்சேர்ப்புத் திட்டத்தில் நான்கு ஆண்டுதான், அதன் பின் நாலில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்பதையும் பேசினோம். அவன் என்னைவிட நன்றாகக் கணக்குப் போட்டு வைத்திருந்தான். அவன் பட்டாளத்துக்குப் போக நினைப்பதில் சினிமாவுக்குப் பங்கு சிறிது. தாத்தாவின் பென்ஷனுக்கும், வீட்டில் வேறு வருமானம் இல்லாததற்கும் பங்கு பெரிது. அவனைப் போகாதே என்று சொல்லும் உரிமை எனக்கு இருப்பதாக நான் நினைக்கவில்லை. பேருந்து ஏறுமுன், மறுநாள் ஓட்டத்துக்கு நேரம் பார்க்க ஆள் இல்லை, வர முடியுமா என்று கேட்டான்.

மறுநாள் ஐந்தரை மணிக்குப் பாலாற்றுப் பக்கம் இன்னும் பனி இருந்தது. அவனைப் போலவே இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள். 1,600 மீட்டரை ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண். கைபேசியில் நேரத்தை ஓடவிட்டுக்கொண்டு நான் கோட்டருகில் நின்றேன். மாமாவும் சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்திருந்தார். கடைசிச் சுற்றில் அவன் கால் தளர்ந்தபோது அவர் அவன் பெயரைச் சொல்லி ஒரு முறை கூப்பிட்டார். 5 நிமிடம் 41 வினாடி. முழங்காலில் கையூன்றி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவனிடம் நேரத்தைச் சொல்லிவிட்டுத் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தேன்.